நித்தாவும் எங்கட துடக்கும் ஒண்டோ? உப்புவெளித் தங்குமிடக் குறிப்புக்கு ஒரு கேள்வி

உப்புவெளிவாசல் எழுதியது:

வணக்கம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சின்னத் தங்குமிடங்களில வேலை செய்யிற ஆக்களுக்காகத் தமிழில ஒரு கைக்குறிப்பு தயாராகுது. எந்தச் சமயத்து விருந்தாளி எதைக் கேட்டால் என்ன செய்யிறது, எதைச் செய்யாமல் விடுறது எண்டு. சாப்பாட்டுப் பகுதி முடிஞ்சுது. யூத விருந்தாளிகளைப் பற்றின பகுதியில மாதவிலக்குச் சட்டம், நித்தா எண்டு சொல்லுவினம், வாற இடத்திலதான் இடறுது.

இதுவரைக்கும் எழுதினது இவ்வளவுதான்: "யூதப் பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் துடக்கு உண்டு. அந்த நாட்களில் மட்டும் கணவனும் மனைவியும் தனிக் கட்டிலில் படுப்பார்கள். ஏழு நாள் முடிய முழுகினால் துடக்கு கழியும்."

துடக்கு எண்ட சொல்லை அப்பிடியே போடலாமா? குசினிக்குள்ள போகக்கூடாது, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது எண்டெல்லாம் அவையளிலயும் இருக்கா? முழுக்கை எங்க செய்யலாம்? நீச்சல் தடாகம், கிணறு, கடல், கன்னியா வெந்நீர் ஊற்று எல்லாம் கிட்டத்தான். எது செல்லும், எது செல்லாது? இதுக்குப் பின்னால இருக்கிற ஆன்மீக விளக்கத்தையும் ரண்டு வரியில சொல்ல வேணும். "அசுத்தம்" எண்டு போட்டு ஆரையும் நோகடிக்க விருப்பமில்லை.

மடத்தடியான் எழுதியது:

மூன்று வரியில் மூன்று பிழை இருக்கிறது. கோபிக்க வேண்டாம், எல்லாருக்கும் வருகிற பிழைதான்.

ஏழு நாள் என்பது தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், கணக்கு. இன்றைக்கு நடைமுறையில் இருப்பது அது இல்லை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். 19ஆம் வசனத்தில் வருகிறவள் வழமையான மாதவிலக்குக்காரி, நித்தா. அவளுக்கு இரத்தம் கண்ட நாளையும் சேர்த்து 7 நாள். 25ஆம் வசனத்தில் வருகிறவள் ஸாவா, விலக்குக் காலம் அல்லாத காலத்தில் போக்கு உள்ளவள். அவள் போக்கு நின்றபிறகு 7 சுத்த நாளை எண்ணிக் கழிக்க வேண்டும். எந்த இரத்தம் எந்தக் கணக்கில் சேரும் என்று பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் பெண்களே தங்கள்மேல் கடுமையை ஏற்றிக்கொண்டார்கள், கடுகளவு துளி கண்டாலும் 7 சுத்த நாள் இருப்பார்கள் என்று ரப்பி (யூத மதகுரு) ஸேரா சொன்னதாகத் தல்முத்து என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் நித்தா ஏட்டில் 66ஆம் தாளில் பதிந்திருக்கிறது. கடுகு நான் போட்ட உவமை இல்லை, மூலத்திலேயே கடுகுதான். அந்த நாளிலிருந்து எல்லா மாதவிலக்கும் ஸாவாக் கணக்கில்தான் ஓடுகிறது.

கணக்கை ஒரு உதாரணத்தில் பாருங்கள். ஞாயிறு பகல் தொடங்கியது என்று வைப்போம். யூத நாள் சூரியன் பட்டவுடன் மாறும். ஞாயிறு பொழுதுபட்டபின் தொடங்கியிருந்தால் அது திங்கள் கணக்கு. ஐரோப்பிய வழி யூதரான அஷ்கனாசிகளின் வழக்கப்படி ஆகக் குறைந்தது 5 நாள் பொறுக்க வேண்டும், இரத்தம் 3 நாளில் நின்றாலும். 5ஆம் நாள் வியாழன். அன்று சூரியன் பட முதல் கழுவி, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியால் உள்ளே சோதித்து, சுத்தம் என்று உறுதிப்படுத்த வேண்டும். இதற்குப் பெயர் ஹெஃப்செக் தஹரா. வெள்ளி தொடக்கம் அடுத்த வியாழன் வரை 7 சுத்த நாள். அந்த வியாழன் பொழுதுபட்டு நட்சத்திரம் தெரிந்தபின் முழுக்கு. ஸ்பானிய, கிழக்கு வழி யூதரான செபராதிகளில் ஷுல்ஹான் அரூக் என்ற சட்டநூல் சொன்னபடி நடக்கிறவர்களுக்கு 5 நாளுக்குப் பதில் 4 நாள், ஆகவே முழுக்கு புதன் இரவு. ஆக, 7 நாள் அல்ல, 11 அல்லது 12 நாள். போக்கு நீண்டால் இன்னும் கூடும்.

எங்கே பிழை வரும் என்றால், முதலாவது ஹெஃப்செக்கில். சூரியன் பட்டபிறகு சோதித்தால் அந்த நாள் போய்விட்டது, முழுக்கு ஒரு நாள் பிந்தும். சுத்த நாட்களில் காலை ஒரு தரம், பொழுதுபட முதல் ஒரு தரம் சோதனை. குறைந்தது 1ஆம் நாளும் 7ஆம் நாளும் தவறக்கூடாது. இடையில் துணியில் சிவப்போ கறுப்போ பட்டால் எண்ணிய நாள் எல்லாம் அழிந்து புதிதாக ஹெஃப்செக் செய்து ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். 5 நாள் பொறுப்பது மட்டும் திரும்பத் தேவையில்லை. வெள்ளை, இளமஞ்சள் பிரச்சினை இல்லை. மண்ணிறத்தில்தான் சந்தேகம் எழும்; ரப்பியிடம் காட்டுவார்கள். உள்ளாடையில் தற்செயலாகக் கண்ட கறை வேறு சட்டம். அது ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் விட்டத்துக்கு உட்பட்டால் கணக்கில்லை, எங்கள் ஒரு ரூபாக் குத்தியின் பருமன் என்று வையுங்கள். நிறத் துணியில் பட்ட கறையும் கணக்கில்லை. அதனால்தான் சுத்த நாள் ஏழிலும் வெள்ளை உள்ளாடை, வெள்ளைப் பெட்சீட். மற்ற நாட்களில் நிறத்துணி. உங்கள் விருந்தாளி ஒரு கிழமைக்கு மட்டும் வெள்ளைப் பெட்சீட் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அறை துப்பரவாக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு விசயம் கட்டாயம் எழுதுங்கள். ஜன்னல் ஓரத்தில் சின்ன வெள்ளைத் துணித்துண்டு காய்ந்துகொண்டிருக்கலாம், அல்லது நாளும் நேரமும் எழுதிய கடித உறைக்குள் இருக்கலாம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள், காய்ந்தபின் நிறம் மாறும். குப்பை என்று எறிந்துவிட்டால் எண்ணிய நாள் முழுவதும் சந்தேகத்துக்குள் விழும்.

அடுத்தது கட்டில். பிரிந்திருப்பது இரத்தம் போகிற நாளில் மட்டும் அல்ல, முழுக்கு வரைக்கும். தொடக்கூடாது, பொருளைக் கைக்குக் கை கொடுக்கவும் கூடாது. மனைவி திறப்பை மேசையில் வைப்பார், கணவர் எடுப்பார். சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே கோப்பையில் சாப்பிட மாட்டார்கள்; சேர்ந்து மேசையில் இருந்தால் இருவருக்கும் நடுவில் வழமையில் இல்லாத ஏதாவது ஒரு பொருளை அடையாளமாக வைப்பார்கள். இரட்டைக் கட்டில் மட்டும் உள்ள அறை என்றால் ஒரு தனிக் கட்டிலோ மெத்தையோ கேட்பார்கள், இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். பிறகு ஒரு நாள் காலையில் கட்டில்கள் சேர்ந்து கிடக்கும். அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கக்கூடாது. முழுக்கு இரவு எது என்பதை மிக நெருங்கியவர்களிடம்கூடச் சொல்லாத வழக்கம் உண்டு.

குசினிக்குத் தடை இல்லை. அவளே சமைக்கலாம், மற்றவர்களுக்குப் பரிமாறலாம். கணவனுக்கு வைன் கலந்து கொடுப்பது, அவன் பார்த்திருக்க அவன் படுக்கையை விரிப்பது, முகம் கழுவத் தண்ணீர் வார்ப்பது போன்ற நெருக்கமான சில வேலைகளைத்தான் தவிர்க்கச் சொல்கிறது. பிரார்த்தனை செய்யலாம். தோராவின் சொல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்று பெராஹோத் ஏடு 22ஆம் தாளில் தெளிவாக இருக்கிறது. அஷ்கனாசிகளில் சில ஊர்களில் போக்கு நாட்களில் தொழுகைக்கூடத்துக்குப் போகாத வழக்கம் இருந்தது உண்மை. அதை வழக்கம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், சட்டம் என்று அல்ல; பெருநாட்களில் அதற்கும் விலக்கு.

கொட்டியாரக்குடா எழுதியது:

தண்ணிப் பகுதியை நான் எடுக்கிறன்.

மிக்வே எண்டால் முழுக்குக்குச் செல்லுற, தானாக் கூடின தண்ணி. மழை அல்லது ஊற்று. ஆகக் குறைஞ்ச அளவு 40 சேயா. 1 முழம் நீளம், 1 முழம் அகலம், 3 முழம் உயரம் கொண்ட குழி நிறையிற தண்ணி. அவையின்ர முழம் எவ்வளவு எண்டதில கருத்து வேறுபாடு. 48 சென்ரிமீற்றர் எண்டால் 331 லீற்றர் வரும், 57.6 எண்டால் 573. கட்டுறவை கூடின கணக்கையும் தாண்டித்தான் கட்டுவினம்.

அள்ளின தண்ணி செல்லாது. வாளி, தாங்கி, பீப்பா, எந்தப் பாத்திரத்துக்குள்ள ஒருக்கா இருந்து வந்தாலும் அது அள்ளின தண்ணிதான். 40 சேயா நிறைய முதல் 3 லோக், அதாவது ஒரு லீற்றரும் கொஞ்சமும், அள்ளின தண்ணி விழுந்தால் முழுக் குழியும் பழுது. பிறகு எப்பிடி நகரத்தில சுடுதண்ணி மிக்வே நடத்துகினம் எண்டு கேட்பியள். பக்கத்தில மழைத்தண்ணிக் குழி ஒண்டு, நடுச்சுவரில ரண்டு விரல் போய்ச் சுழலுற அளவு துவாரம். குழாய்த் தண்ணி அந்தத் துவாரத்தால மழைத்தண்ணியைத் தொட்டுதெண்டால் அதுவும் மிக்வே ஆகிடும். கெட்டித்தனமான ஏற்பாடு.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். நீச்சல் தடாகம்: தாங்கியில இருந்து குழாயால நிரப்பினது. பெரும்பாலான ரப்பிமார் ஏற்க மாட்டினம். "எங்களிட்ட பூல் இருக்கு" எண்டு பெருமையாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

கிணறு: நிலத்தடி ஊற்று எண்டபடியால் தண்ணியில பிழையே இல்லை. ஆனால் குடிக்கிற கிணத்துக்குள்ள ஆரை இறங்க விடுவியள்? அள்ளி வார்த்தால் செல்லாது.

கன்னியாவும் அதே கதை. சுடுதண்ணி ஊற்றெண்டால் செல்லும். திபேரியாவின்ர வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி அவையின்ர சட்டத்திலயே பேச்சிருக்கு. ஆனால் கன்னியாவில ஏழு கிணறும் மூண்டு நாலு அடி ஆழம்தான், ஆளை ஆள் தள்ளிக்கொண்டு வாளியால அள்ளி வார்க்கிற இடம். உள்ளுக்க இறங்கி முழுகிறது அங்க வழக்கமில்லை. தண்ணி செல்லும், இடம் செல்லாது. 

மகாவலி: ஆறுகளுக்கு ஒரு சிக்கல். ஊற்றுத்தண்ணி ஓடிக்கொண்டிருந்தாலும் செல்லும், மழைத்தண்ணி ஓடினால் செல்லாது, நிக்க வேணும். மாரியில ஆறு பெருகினால் மழைத்தண்ணி கூடிடும் எண்டு பயப்படுகினம், சிலர் இளக்கமும் குடுக்கினம். முதலை இருக்கிற ஆறு எண்டபடியால் இந்த வாதமே தேவையில்லை.

மிஞ்சுறது கடல். கடல் எல்லாம் மிக்வே எண்டு தல்முத்துக்கு அடிப்படையான மிஷ்னாவிலயே இருக்கு, ஓடுற நிலையிலயும் செல்லும். ஆனால் எப்பிடி எண்டதிலதான் விசயம். நட்சத்திரம் தெரிய வேணும். இஞ்ச சூரியன் பட்டு முக்கால் மணித்தியாலம் விட்டால் பயமில்லை. சேறு ஒட்டுற இடம் கூடாது, கால் அடியில தண்ணி போகாது. உள்துறைமுகப் பக்கம் அலை இல்லை எண்டாலும் சேறு. உப்புவெளி மணல் நல்லது. தொப்புளுக்கு மேல ஒரு சாண் தண்ணி போதும், அதுக்கு மேல போகத் தேவையே இல்லை. மெல்லக் குனிஞ்சு, கை கால் ஒட்டாமல், கண்ணை இறுக்கிப் பொத்தாமல், வாயை இறுக்கிக் கடிக்காமல் முழுசா அமிழ வேணும். ஒரு மயிர் மிதந்தாலும் முழுக்கு இல்லை. அதைப் பார்க்கத்தான் கரையில 12 வயது கடந்த ஒரு யூதப் பெண் நிப்பா, ஆரும் இல்லாத இடத்தில கணவன் பார்ப்பார். அலை தலைக்கு மேல வளைஞ்சு விழுறது முழுக்காகாது, அந்தரத்தில நிக்கிற தண்ணி கணக்கில்லை. ஆள்நடமாட்டம் இருந்தால் உடம்பில ஒட்டாத தொளதொள உடுப்போட முழுகலாம், தண்ணி எல்லா இடமும் போனால் சரி.

வாடைக்காத்துக் காலத்தில, கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும், இரவில ஒருத்தரையும் அந்தக் கடலுக்குள்ள விடாதேங்கோ. உயிராபத்துக்கு முன்னால இந்தச் சட்டமும் விலகும், அவையே ஒத்துக்கொள்ளுவினம். முழுக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளலாம்.

கடைசியா, தடுப்பு. ஹட்சிட்சா எண்டு சொல்லுவினம். உடம்புக்கும் தண்ணிக்கும் இடையில ஒண்டும் இருக்கக்கூடாது. அதனாலதான் முழுக்குக்கு முதல் ஒரு மணித்தியாலம் குளியலறை பிடிபடும், சுடுதண்ணி கட்டாயம் வேணும். தலை சிக்கெடுக்க வேணும், நகம் வெட்ட வேணும், பல்லிடுக்குப் பார்க்க வேணும். அண்டைக்கு இறைச்சி சாப்பிடாமல் விடுறதும் அதுக்குத்தான், நார் பல்லில மாட்டும். பிளாஸ்ரர், கண்வில்லை, நகப்பூச்சு, வெயில் கிறீம், காதுத்தோடு எல்லாம் கழட்ட, கழுவ வேணும். மருதாணி பரவாயில்லை, அது நிறம் மட்டும்தான், படை இல்லை. கோயிலில கட்டிவிட்ட கைநூல் இறுக்கமா இருந்தால் அவிழ்க்க வேணும். சுற்றுலா வாற பிள்ளையள் கனபேர் அதோடதான் திரியிறவை.

கிண்ணியாப்பாலம் எழுதியது:

எங்கட முஸ்லிம் பக்கத்தையும் வச்சுப் பார்த்தால் வித்தியாசம் நல்லா விளங்கும். ஹைழ் (மாதவிலக்கு) நாளில தொழுகை இல்லை, நோன்பு இல்லை, விட்ட நோன்பைப் பிறகு கழா செய்யவேணும், அதாவது பிடிச்சு ஈடுசெய்யவேணும். தாம்பத்தியம் கூடாது, ஆனா தொடுறதோ பக்கத்தில படுக்கிறதோ குற்றமில்லை. இரத்தம் நிண்ட உடனே குளிப்புக் கடமை, 7 நாள் தனியா எண்ணுறது இல்லை. ஷாபி மத்ஹபில (சட்டப் பிரிவில) ஹைழ் ஆகக் கூடினது 15 நாள். குளிப்புக்கு வாளித்தண்ணி போதும், உடம்பு முழுக்க நனையணும், நிய்யத் (மனசில எண்ணம்) வைக்கணும்.

யூத சட்டத்தில பாருங்க, தொழுகைக்குத் தடை இல்லை, தொடுறதுக்குத் தடை. எங்களுக்கு நேர்மாறு. நிய்யத்திலயும் அப்படித்தான். நித்தாவில இருந்த பெண் பாலத்தில இருந்து தவறித் தண்ணிக்குள்ள விழுந்து முழுசா அமிழ்ந்து எழும்பினா அவளுக்கு அது முழுக்கா எண்டு தல்முத்தில ஒரு கேள்வியே இருக்கு. ஹுல்லின் ஏடு 31. கணவன் விசயத்துக்கு அது செல்லும் எண்டு ராவ் எண்ட அறிஞர் சொன்ன பதில். நான் இந்தப் பெயரை வச்சுக்கொண்டு இதைச் சொல்றது தற்செயல்தான்.

இன்னொண்டு. மதீனாவில இருந்த யூதர்கள் ஹைழ் நாளில பெண்களோட சேர்ந்து சாப்பிட மாட்டாங்க, வீட்டில சேர்ந்து இருக்க மாட்டாங்க எண்டு ஸஹீஹ் முஸ்லிம் எண்ட நபிமொழித் தொகுப்பில அனஸ் அவர்கள் அறிவிக்கிற ஹதீஸ் இருக்கு. அதுக்குப் பிறகுதான் குர்ஆன் 2:222 வசனம். அதை வச்சு எல்லா யூதரும் இப்பவும் அப்படித்தான் எண்டு குறிப்பில எழுதிடாதீங்க.

அலைவாய் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் சுத்திச் சுத்தி வந்தாலும் ஒண்டுதானே? இரத்தம் வந்தால் பெண்ணை ஒதுக்கு, பிறகு குளிக்க வைச்சு எடு. இதுக்கு ஆன்மீகம் எண்டு முலாம் பூசுறது எல்லாச் சமயத்திலயும் நடக்கிறதுதான். "துடக்கு" எண்டே எழுதுங்கோ, சனத்துக்கு விளங்கும்.

அன்புவழியாள் எழுதியது:

அலைவாய், விளங்கும்தான், ஆனால் பிழையா விளங்கும். துடக்கு எண்டால் எங்களுக்கு என்ன? செத்த வீட்டுத் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் துடக்கு எண்டு 31 நாள், கோயிலுக்குப் போகேலாது, குத்துவிளக்கைத் தொடேலாது, தண்ணி தெளிக்க வேணும். பெண் பெரியபிள்ளை ஆனால் குடிமனையில வைச்சுத் தண்ணி வார்த்துச் சடங்கு. யூதத்தில அந்தச் சடங்கே இல்லை. பெண் பிள்ளை 12 வயதில பொறுப்புக்காரி ஆவது வயதுக் கணக்கால, இரத்தத்தால இல்லை. கலியாணம் கட்டாத பெண் முழுக்குக்குப் போறதும் வழக்கமில்லை. முதல் முழுக்கு கலியாணத்துக்கு முந்தின நாட்களில.

தும்ஆ எண்ட சொல்லை "தீட்டு" எண்டு தமிழ் வேதாகமம் போட்டிருக்கு, வேற சொல் இல்லை. ஆனால் அது ஊத்தை இல்லை. தேவாலயம் எருசலேமில நிண்ட காலத்தில தும்ஆ உள்ளவர் உள்ள போகேலாது, பலி இறைச்சி சாப்பிடேலாது, அவ்வளவுதான். ஆணுக்கும் உண்டு. அதே 15ஆம் அதிகாரத்தில 16ஆம் வசனம், விந்து வெளியேறினவன் பின்னேரம் வரைக்கும் தீட்டு. பிரேதத்தைத் தொட்டால் 7 நாள். கி.பி. 70இல தேவாலயம் அழிஞ்சபிறகு பிரேதத் தீட்டைக் கழிக்கிற சாம்பலே இல்லை, சட்டப்படி இண்டைக்கு எல்லா யூதரும், ரப்பி உட்பட, தீட்டோடதான் திரியினம். நித்தா மட்டும் நடைமுறையில நிண்டதுக்குக் காரணம், 18ஆம் அதிகாரம் 19ஆம் வசனம் அதைத் தாம்பத்தியச் சட்டமாகவும் வைச்சிருக்கிறபடியால்.

விளக்கம் ஒண்டில்லை, பல. நித்தா ஏடு 31ஆம் தாளில ரப்பி மேயிர் சொல்லுறது ஆகப் பழசு. எந்த நேரமும் பக்கத்தில இருந்தால் கணவனுக்குச் சலிச்சுப்போகும், விலகியிருந்து சேர்ந்தால் மணவறைக்குள்ள வந்த நாள் மாதிரி இருப்பாள் எண்டு. ஆணின்ர பக்கத்தில இருந்து மட்டும் பார்த்த விளக்கம் எண்டு குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கினம். ரண்டாவது, சாவின்ர நிழல். பிரேதம், விந்து, மாத இரத்தம், எல்லாம் உயிர் இருந்த அல்லது உயிர் வந்திருக்கக்கூடிய இடம் வெறுமையாகிற தருணம். அந்த வெறுமைதான் தும்ஆ. அதனாலதான் பிள்ளைப்பேற்றுக்கும் தீட்டு: நிறைஞ்சிருந்தது காலியாகுது. மூண்டாவது தண்ணி. ஆதியாகமம் 1:10இல தண்ணி ஒண்டா சேர்ந்த இடத்துக்கு மிக்வே எண்டுதான் பெயர். எரேமியா 17:13இல அதே சொல் "நம்பிக்கை" எண்டு வருது, தமிழ் வேதாகமத்திலயும் இஸ்ரவேலின் நம்பிக்கை எண்டுதான் இருக்கும். ஒரே எபிரேயச் சொல்லுக்கு ரண்டு பொருள். ரப்பி அக்கீவா இதில பிடிச்சுத்தான் மிக்வே தீட்டைக் கழிக்கிற மாதிரிக் கடவுள் இஸ்ரவேலைக் கழுவுறார் எண்டு சொன்னார்.

எனக்குப் பிடிச்சது மைமோனிதிஸ். 12ஆம் நூற்றாண்டில அவர் வைத்தியர், மருந்தறிவு உள்ளவர். தன்ர சட்டத் தொகுப்பில முழுக்குச் சட்டங்கள் முடியிற இடத்தில எழுதுறார், தீட்டு தண்ணியால கழுவிப் போற சேறோ ஊத்தையோ இல்லை, அது வேதத்தின்ர கட்டளை, மனசின்ர எண்ணத்தில தங்கியிருக்கு எண்டு. தத்துவ நூலில இன்னும் ஒரு படி மேல போறார். கிழக்கு நாடுகளில சில சனம் மாதவிலக்கான பெண்ணைத் தனி வீட்டில அடைச்சு, அவள் மிதிச்ச இடத்தை எரிச்சு, அவளில பட்ட காத்துக்கும் தீட்டுச் சொல்லுதுகள். யூத சட்டத்தில அவள் வீட்டு வேலை எல்லாம் செய்யலாம் எண்டு ஒப்பிட்டுக் காட்டுறார். தோரா பாரத்தைக் குறைச்சது எண்டது அவரின்ர வாதம்.

அதுக்காக அலைவாய் சொன்னதில ஒண்டும் இல்லை எண்டு சொல்லேலாது. எத்தியோப்பிய யூதர் ஊருக்கு வெளியில தனிக் குடிசை வைச்சிருந்தவை, மாதவிலக்குப் பெண்கள் அங்கதான் இருந்தவை. எசேக்கியேல் தீர்க்கதரிசி சனத்தின்ர பாவத்தைத் திட்ட நித்தாவைத்தான் உவமையாக எடுக்கிறார், 36:17. இதை எல்லாம் ஆன்மீகமா அழகா விளக்கி 1972இல எழுதின யூத இறையியலாளர் ரேச்சல் அட்லர், 1993இல அந்த வாதத்தைத் தானே வாபஸ் வாங்கினா. அவ்வளவு அழகாச் சொன்னது பெண்களுக்கு உண்மையில நடந்ததை மறைச்சுப்போட்டுது எண்டது அவவின்ர மனமாற்றத்தின்ர சாரம். சீர்திருத்த யூதரில பெரும்பாலானோர் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறதில்லை. அதேநேரம் நோய் மாறினதுக்கு, கருச்சிதைவுக்குப் பிறகு, விவாகரத்துக்குப் பிறகு எண்டு மிக்வேக்குப் புதுசா வாறவையும் உண்டு. 2004இல மசாசுசெற்ஸில திறந்த மாயிம் ஹாயிம் அப்பிடித்தான் தொடங்கினது.

இன்னொரு நடைமுறைக் கஷ்டமும் இருக்கு, விளக்கப் புத்தகங்களில கெதியாத் தாண்டிப் போவினம். 28 நாள் சுற்று உள்ளவளுக்கு முட்டை வெளியேறுறது ஏறத்தாழ 14ஆம் நாள், முழுக்கு 12ஆம் நாள் இரவு, பொருந்துது. சுற்று 23, 24 நாள் எண்டால் முழுக்குக்கு முதலே முட்டை வெளியேறிப்போகும், உடம்பில ஒரு குறையும் இல்லாமல் பிள்ளை தங்காது. இஸ்ரேலில வைத்தியர்மார் இதுக்கெண்டே சுற்றின்ர தொடக்கத்தில ஹோர்மோன் குடுத்து முட்டையைப் பிந்தச் செய்யினம். உடம்பை மாத்துறதா, ரப்பிமார் போட்ட கூடுதல் நாளைக் குறைக்கிறதா எண்டு அங்க இப்பவும் வாதம்.

உப்புவெளிவாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திருத்தி எழுதினது இது, பார்த்துச் சொல்லுங்கோ:

"சட்டத்தைக் கடைப்பிடிக்கும் யூதத் தம்பதியர், மனைவிக்கு மாதவிலக்குத் தொடங்கியது முதல் அவர் முழுகும் இரவு வரை, ஏறத்தாழ 12 நாள், தனித்தனிக் கட்டிலில் படுப்பார்கள். இதற்கு நித்தா என்று பெயர். விலகியிருத்தல் என்று பொருள். சமைக்க, பிரார்த்திக்கத் தடையில்லை. தனிக் கட்டில், வெள்ளைப் பெட்சீட், சுடுதண்ணீர் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுக்கவும். அறையில் உள்ள வெள்ளைத் துணித்துண்டு, கடித உறை எதையும் அகற்ற வேண்டாம். இரவில் கடலுக்குப் போக விரும்பினால் அன்றைய கடல் நிலையைச் சொல்லவும். வாடைக்காலத்தில் போக வேண்டாம் என்று சொல்லவும்."

துடக்கு எண்ட சொல்லை எடுத்திட்டன்.

மடத்தடியான் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. "ஏறத்தாழ 12" என்பதை "குறைந்தது 11 அல்லது 12" என்று மாற்றுங்கள், நீளவும் கூடும். இன்னொன்றைச் சேருங்கள். முழுக்கு வெள்ளி இரவில் விழுந்தால் அது ஓய்வுநாள். குளியலறை ஆயத்தம் எல்லாம் சூரியன் பட முதலே முடிய வேண்டும், ஆகவே அன்று பின்னேரம் நான்கு மணிக்கே சுடுதண்ணீர் தயாராக இருக்கட்டும். திரும்பி வரும்போது அவர்கள் லைற் சுவிட்சைத் தொட மாட்டார்கள், தலைமயிரைப் பிழியவும் மாட்டார்கள். ஓடையிலும் அறையிலும் ஒரு லைற்றை முன்கூட்டியே எரியவிட்டு, ஈரம் சொட்டாமல் நடக்க வாசலில் ஒரு சாக்கைப் போட்டுவிடுங்கள்.